ஈசான மூலை பாய்லர்

ஆக்லாந்தில் ஜூலை என்றால் குளிர்காலம். அந்த மாதத்தில் ஏவன்டேல் பக்கம் எந்த வீட்டுக்குள் போனாலும் கோட்டைக் கழற்ற மனசு வராது. வெளியே பெய்கிற மழை போதாதென்று சுவருக்குள்ளும் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியைத் துணி வைத்துத் துடைப்பது இங்கே பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை. அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். ராஜூவும் வேதவள்ளியும் இருந்த வீடு மட்டும் அப்படியில்லை. அங்கே கதவைத் திறந்து உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அத்தனை சூடு!

அது ஒரு டச்சுக்காரக் கிழவர் கட்டிய வீடு. ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடந்த எழுபதுகளில் அந்த மனுஷன் டீசலில் எரிகிற பாய்லர் ஒன்றை வீட்டின் பின்மூலை அறையில் நிறுத்தி, ஒவ்வொரு ஜன்னலுக்கடியிலும் சுடுதண்ணீர் ஓடுகிற இரும்பு ரேடியேட்டர் மாட்டி, கொல்லையில் எண்ணெய்த் தொட்டியும் வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் விற்றார்கள். ரானுயியில் ஈர வாடை அடிக்கிற வாடகை வீட்டில் வருஷக்கணக்காக இருமிக்கொண்டு கிடந்த இவர்கள் பார்க்க வந்தார்கள். "கிச்சன் சின்னதா இருக்கே வேதா" என்று ராஜூ இழுத்தார். வேதவள்ளி ரேடியேட்டர் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றவள் திரும்பக்கூட இல்லை.

"எடுத்துடுங்க" என்றாள். எடுத்துவிட்டார்.

அவள் கைகளைப் பார்த்தால் காரணம் புரியும். ஹெண்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன்பே போய், கிழவர் கிழவிகளை எழுப்பி, குளிப்பாட்டி, துடைத்து, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் கணுவெல்லாம் வெடித்திருக்கும். கிள்ளானில் பிறந்து வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. இந்தக் குளிரை அது ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

வீடு வந்தாயிற்று, சாமியை எங்கே வைப்பது? ஈசான மூலையில்தான் வைக்க வேண்டும், அதில் வேதவள்ளிக்குச் சந்தேகமே இல்லை. ராஜூவுக்குத்தான் குசும்பு.

"இந்த ஊர்ல சூரியனே வடக்கால சாஞ்சுல்ல போகுது. அப்ப ஈசான மூலையும் இடம் மாறிடும் லா."

"சூரியன் எப்படியோ போவட்டும். திசை திசைதானே?"

"நான் சும்மா கேட்டேன் லா."

சும்மா கேட்டதற்காக அவள் கிள்ளான் கோயில் பூசாரிக்கே போன் போட்டாள். அவரும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார், வடகிழக்கு எங்கே இருந்தாலும் வடகிழக்குதான் என்று. ராஜூ கைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திசை பார்த்தார். வடகிழக்கில் இருந்தது பாய்லர் அறை.

"நல்லதாப் போச்சு. அம்மாவுக்குச் சூடு பிடிக்கும்" என்றாள் வேதவள்ளி. ஒரு பக்கம் பாய்லர், எதிர்ப்பக்கம் பலகை அடித்து மாரியம்மன். நடுவில் நாலு பேர் நெருக்கி உட்காரலாம். அறையின் வெளிச்சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுத் துவாரங்கள் இருந்தன. ஆடி மாதம் என்றால் நமக்கு ஊரில் காற்று. ஆக்லாந்தில் அது காற்றோடு நடுங்கும் குளிர்காலமும் கூட. முதல் ஆடி வெள்ளியன்று ஏற்றிய விளக்கு மூன்று தடவை அணைந்தது. அந்த ஓட்டைகளை அடைத்தால்தான் ஆச்சு என்று வேதவள்ளி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளே ராஜூ பிளைவுட்டை வெட்டி, இரண்டு துவாரத்தையும் உள்பக்கமாக அடைத்து, இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசி, சுவரின் மஞ்சள் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிட்டார். சாம்பிராணிப் புகை நடைக்கு வந்து அங்கிருந்த ஸ்மோக் அலாரம் கத்துகிறதென்று கதவின் அடியில் ரப்பர் பட்டையும் வைத்தார். கையில் வேலை உள்ள மனுஷர், பார்த்தால் அங்கே துவாரம் இருந்ததென்றே தெரியாது. விளக்கு அசையாமல் நின்று எரிந்தது. வேதவள்ளி அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குச் சாமி வந்தது.

அதற்கு முன் அவள் பரம்பரையில் யாருக்கும் வந்ததில்லை. தலை கனத்து, காதுக்குள் ரீங்காரம் கேட்டு, கால் துவண்டு, நாக்கு குழறி, கடைசியில் சுவரில் சாய்ந்து ஏதேதோ சொன்னாள். ராஜூ பயந்துபோய்த் திருநீறு பூசினார். இந்தச் சங்கதி எப்படியோ வெளியே போய், வெள்ளிக்கிழமை தோறும் மூன்று பெண்கள், நான்கு பெண்கள் என்று வரத் தொடங்கினார்கள். உள்ளே உட்கார்ந்தவர்களும் தலை கனக்கிறது என்றார்கள். சக்தி வாய்ந்த அம்மன் என்று பேச்சு பரவியது. கூரையில் படிந்த கரியைக் கற்பூரக் கரி என்றார்கள். வெயில் காலம் வந்து பாய்லரை அணைத்த பிறகு சாமி வரவில்லை. அம்மன் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். குளிர் திரும்பியதும் அம்மனும் திரும்பினாள். ஒருத்திக்காவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை.

முதியோர் இல்லத்தில் பெட்பான் எடுக்கிற வேதவள்ளியை வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் அம்மா என்று கும்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் இருக்குமா?

வந்தவர்களில் பிரணவி என்றொரு யாழ்ப்பாணத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முருங்கைக்கீரை எடுக்கிற இடத்தில் பழக்கம். இரண்டு தடவை கரு கலைந்து, முகமே வாடிப் போயிருந்தவள். போன வருஷம் சாமி வந்த நேரத்தில் வேதவள்ளி அவள் தலையில் கை வைத்து, அடுத்த ஆடிக்கு மடி நிறையும் என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கே நினைவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நிறைந்தது. இந்த ஆடிக்குப் பிரணவி மேடிட்ட வயிற்றோடு ரானுயியிலிருந்து ரயிலேறி, ஒரு வெள்ளி தவறாமல் வந்து அம்மன் முன்னால் உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னது வேதவள்ளி.

இதற்கிடையில் பாய்லருக்கு வயதாகிவிட்டது. டொக்கு டொக்கென்று தட்டத் தொடங்கியது. உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. எண்ணெய்த் தொட்டியும் துருப்பிடித்தது. ஆல்பனியில் குடியிருக்கிற மகன் ஜஸ்வின் வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வான்.

"அம்மா, இட்ஸ் எ டைனோசர். ஹீட் பம்ப் போடுங்க. ஒரு பட்டன். தட்ஸ் இட்."

"பட்டனை அமுக்குனா சாமி வருமாடா?"

ஜஸ்வின் அப்பாவைப் பார்த்தான். ராஜூ கூரையைப் பார்த்தார்.

"ஐ டோன்ட் நோ, அம்மா. பட் வார்மா இருக்கும்."

"அது காத்து ஊதுற மிஷின். ஆஸ்பத்திரி மாதிரி. வீட்டுக்கு ஒரு அடுப்பு மாதிரி இது நிக்குது, இதைப் போயி..."

"அடுப்பு அவிஞ்சு போச்சு வேதா" என்றார் ராஜூ. "ஜூன்ல வர்றேன்னு அந்த ஆளு சொல்லிட்டாரு. பாய்லரைக் கழட்டி, தொட்டியை எடுத்து, வெளிச்சுவர்ல ஹீட் பம்ப் மாட்டிக் குடுத்துடுவாரு."

"ஆடி முடியட்டும். அப்புறம் கழட்டுங்க, எவ வேணாங்குறா? ஆடியில அம்மாவைக் கிளப்பாதீங்க."

அவள் பயம் அவளுக்குத்தான் தெரியும். அந்தச் சூடு போனால் அம்மனும் போய்விடுவாளோ என்ற பயம். போய்விட்டால் அவள் வெறும் வேதவள்ளிதான். ஜூனில் வருவதாக இருந்தவரை ராஜூ போன் போட்டு ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டார். வீட்டில் சண்டை வேண்டாமென்று நினைத்தார், பாவம்.

மூன்றாவது ஆடி வெள்ளி. வேதவள்ளிக்கு அன்று லீவு. கூழ் காய்ச்ச அடுப்பில் கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்திருந்தாள். காலையில் அம்மன் அறையைக் கழுவிக் கோலம் போட்டு விளக்கேற்றி வந்ததிலிருந்தே அவளுக்கு மண்டை இடித்தது. மழை சாத்திக்கொண்டிருந்தது. பிரணவி குடையை மடக்கிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"அன்ரி, நேரத்தோட வந்திட்டன். ரயில் இண்டைக்குச் சுணங்கேல்ல."

"வாம்மா, நனைஞ்சிட்டியே. பசியாறிட்டியா?"

"ஓம். ஆனா உள்ள ஒண்டும் நிக்குதில்லை அன்ரி. போன வெள்ளி இஞ்ச வந்திட்டுப் போன பிறகு ரெண்டு நாள் ஒரே சத்தி, குடிச்ச தண்ணியும் வெளியில வந்திட்டுது. தலை வெடிக்கிற மாதிரி இடிச்சது."

"மாசமா இருந்தா அப்படித்தான் லா. எனக்கு ஜஸ்வின் வயித்துல இருந்தப்ப தலையே தூக்க முடியல."

"இவரும் சொன்னவர், இந்தக் கிழமை போகாதையெண்டு. நான்தான் கேக்கேல்ல. அம்மாளாச்சிக்கு முன்னால இருந்தாத்தான் எனக்கு மனசு ஆறுது."

"உன் வீட்டுக்காரன் வெற்றிக்கு என்னா தெரியும்? நீ உள்ள போய் உட்காரு. எல்லாம் சரியாப் போயிடும். கதவைச் சாத்திக்கம்மா, சூடு வெளிய போயிடும்."

பிரணவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேதவள்ளி கூழைக் கிண்டினாள். கூழ் என்றால் பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். சின்ன வெங்காயத்தை உரித்தாள், மோரைக் கடைந்து வைத்தாள். அப்போது முன்வாசல் மணி அடித்தது.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சமோவாக்காரர் நின்றார். மழைக் கோட்டு, முழங்கால் வரை ஏறிய பூட்ஸ், கையில் கருவிப் பெட்டி. நெஞ்சில் தீப்பெட்டி அளவில் மஞ்சள் நிறத்தில் என்னவோ மாட்டியிருந்தார். ஹீட் பம்ப் மாட்டுகிறவர் தான்தான் என்றும், பாய்லரை ஒரு தடவை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போக ராஜூ வரச் சொன்னார் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். ராஜூ இதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டிருந்தார்.

"நவ் ப்ரேயர். லேடி இன்சைட். யூ வெயிட்" என்றாள் வேதவள்ளி.

"நோ வொரீஸ்" என்று அந்த நல்ல மனுஷன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு, வேறு இடத்துக்கும் போக வேண்டும், கதவருகில் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று தயங்கிக் கேட்டார்.

நடையில் இரண்டடி வைத்திருப்பார்.

"ஷூஸ்! ஷூஸ்! காட் ரூம்!"

"ஓ, சாரி டியர்."

அவர் குனிந்தார். பூட்ஸ் கயிறு நனைந்து இறுகியிருந்தது. முடிச்சு அவிழவில்லை. பெரிய விரல்கள் வழுக்கின. வேதவள்ளி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் இரண்டாவது பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். வைத்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.

அவர் நெஞ்சிலிருந்த மஞ்சள் பெட்டி வீறிட்டது. அப்படியொரு சத்தம்!

உள்ளே பிரணவி சுவரில் சரிந்து கிடந்தாள். கண் பாதி மூடி, வாயோரம் எச்சில் வழிந்து, ஒரு கை வயிற்றின் மேல். அதைப் பார்த்ததும் வேதவள்ளிக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். புள்ளைக்குச் சாமி வந்துவிட்டது என்று மேலெல்லாம் சிலிர்த்துக் கை குவித்தாள். அந்த மனுஷன் பாய்ந்தபோது குறுக்கே கை நீட்டி மறித்தாள்.

"டோன்ட் டச்! காட் இஸ் கமிங்! தொடாதீங்க!"

அவர் அவளை இடுப்போடு தூக்கி நடையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பிரணவியை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு, வெறும் சாக்ஸோடு சமையலறை வழியாக ஓடி, கொட்டுகிற மழையில் கொல்லைப் புல்லின் மேல் கிடத்தினார். திரும்பி வந்து வேதவள்ளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுபடி ஓடிப்போய்ப் பாய்லரை அணைத்தார். அடுப்பையும் அவர்தான் அணைத்தார்.

"கார்பன் மோனாக்சைடு" என்று, நெஞ்சுப் பெட்டி காட்டிய அளவைப் பார்த்துவிட்டு, அவர் போனில் ஆம்புலன்ஸ்காரர்களிடம் கத்தினார்.

அந்த வார்த்தை வேதவள்ளிக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் வருஷா வருஷம் பாடம் எடுப்பார்கள். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தலை இடிக்கும், வாந்தி வரும், காதுக்குள் ரீங்காரம் கேட்கும், கால் துவளும், உளறுவார்கள், மயங்குவார்கள். அவள் அதைப் படித்துப் பாஸும் பண்ணியிருக்கிறாள்! ஒவ்வொன்றாக நினைவு வர வர, புல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காற்றுத் துவாரம் எங்கே? அந்த அறைக்குத் துவாரம் இருந்தாக வேண்டுமே?" என்று அவர் கேட்டார்.

அவள் வெளிச்சுவரைக் காட்டினாள். மேலே ஒரு சல்லடை, கீழே ஒரு சல்லடை. அவர் கீழே இருந்ததில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பலகையில் முட்டியது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோட்டைக் கழற்றிப் பிரணவியின் மேல் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் வேதவள்ளிக்கும் ரத்தம் எடுத்து, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். உங்கள் ரத்தத்தில் இவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டு எப்படி நடமாடினீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். ராஜூ தான் வேலை பார்க்கிற ஒனிஹங்கா மரக் கிடங்கிலிருந்து ஆரஞ்சு வெஸ்ட்டோடு அப்படியே ஓடி வந்தார். ஃபோர்க்லிஃப்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"நான்தானே வேதா அடைச்சேன். என் கையால லா. பெயின்ட் வேற அடிச்சேன்."

"நான்தானே அடைக்கச் சொன்னேன்."

"அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

"முழிச்சிருச்சாம்."

"வயித்துல?"

அவள் இரண்டு கைகளையும் விரித்தாள். ராஜூ முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமாகவே அழுதார். ஆல்பனியிலிருந்து வந்து சேர்ந்த ஜஸ்வின் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்படியொரு நாள் வரும் என்று அவர்களில் யார் நினைத்தார்கள்? பாய்லரைப் பார்க்க அந்த மனுஷன் அன்றைக்கு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை மூன்று பேரும் நினைத்துப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மாஸ்க்கை எடுத்த பிறகு வேதவள்ளி பிரணவியின் வார்டைத் தேடிப் போனாள். வாசலிலேயே வெற்றி எழுந்து மறித்தான். சாதுவான பையன், அதிர்ந்து பேச மாட்டான்.

"அன்ரி, தயவுசெய்து போங்கோ. எனக்கு இப்ப உங்களோட கதைக்க ஏலாது. வாயில கெட்ட வார்த்தை வந்திடும்."

"திட்டுப்பா. என்னைத் திட்டு."

"விடுங்கோப்பா" என்று உள்ளிருந்து பிரணவியின் குரல் கேட்டது. "அவ வரட்டும்."

பிரணவியின் முகத்தில் மாஸ்க், வயிற்றைச் சுற்றிப் பட்டை. பக்கத்து மெஷினில் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. துடிப்பு இருக்கிறது, ஆனால் அந்த வாயு குழந்தையின் மூளையை என்ன செய்திருக்கிறது என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது, பிறந்து வளர வளரத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெற்றி அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொன்னான்.

பிரணவி கை நீட்டினாள். வேதவள்ளி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"எனக்கு எல்லாம் கேட்டது அன்ரி" என்றாள் பிரணவி, மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு. "எழும்பப் பாத்தன், காலில்லை. கூப்பிடப் பாத்தன், நாக்குப் பிரளேல்ல. வெளியில நீங்கள் அந்த மனுசனோட கதைக்கிறது கேட்டது. சப்பாத்தைக் கழட்டுங்கோ, கழட்டுங்கோ எண்டு நீங்கள் சொன்னதும் கேட்டது. கதவைத் திறவுங்கோ, திறவுங்கோ எண்டு நான் மனசுக்குள்ள கத்திக்கொண்டு கிடந்தனான்."

"ஐயோ! என் தங்கமே!" வேதவள்ளி அவள் கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். "நான் மனுஷியே இல்லம்மா. நான் மனுஷியே இல்ல."

"அழாதேங்கோ. எனக்கு இப்ப உங்கட அழுகை வேண்டாம்." பிரணவியின் பிடி இறுகியது. "போன ஆடியில சொன்னீங்கள், மடி நிறையுமெண்டு. அது பலிச்சது. இப்பவும் சொல்லுங்கோ. பிள்ளை சுகமாப் பிறக்கும், ஒரு குறையுமிராது எண்டு சொல்லுங்கோ. டொக்டர் சொல்றதை விடுங்கோ. நீங்கள் சொன்னா நான் நம்புவன்."

வெற்றியும் திரும்பிப் பார்த்தான். இத்தனை கோபத்துக்கு நடுவிலும் அவன் கண்ணில் அந்த எதிர்பார்ப்பு இருந்தது. அதுதான் வேதவள்ளியைக் கொன்றது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அம்மா, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். காதுக்குள் ரீங்காரம் இல்லை. தலை இடிக்கவில்லை. மாதக்கணக்காக இல்லாத தெளிவோடு இருந்தது மண்டை. அந்தத் தெளிவில் மெஷினின் துடிப்பும், பக்கத்து வார்டில் யாரோ இருமுகிறதும், தன் மூச்சும் கேட்டன. வேறு யாரும் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா."

"சொல்லுங்கோ அன்ரி. தெரியாட்டிலும் சொல்லுங்கோ."

"போன தடவையும் தெரியாதும்மா. எனக்கு எப்பவுமே ஒண்ணும் தெரிஞ்சதில்ல."

பிரணவி பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, வெற்றியின் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.